சீனித்தண்ணி வளைவு

இந்தக் கதையில ஒரு சொல்லு பொய்யின்னாலும் நான் அடுத்தாப்புல குடிக்கப்போற டீயில ஈ விழட்டும். ஒரு ஈ பத்தாதுன்னு சொல்லுதவனுக்காவ, குடும்பத்தோட விழட்டும். சாட்சி கேப்பீங்க, கேளுங்க. சாட்சிக்கு எறும்பு இருக்கு. எறும்பு பொய் சொல்லிப் பாத்திருக்கியளா?

சுயம்புன்னு ஒரு பய. எளவட்டம், குட்டியானைன்னு சொல்லுத சின்ன லோடுவண்டி ஓட்டுதான். திருநவேலியில கல்யாணச் சீர்சாமான் ஏத்திக்கிட்டு, செம்மணல் தேரிக்காட்டுக்கு அந்தப்பக்கம் மாப்பிள்ளை ஊருக்குப் போறான். மத்தியானம் சாஞ்ச நேரம். பின்னாடி பீரோ, கட்டில், மெத்தை, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் கயித்துக்குள்ள குலுங்கிக்கிட்டு வருது. முன்னாடி அவனுக்குப் பக்கத்துல பொண்ணோட அத்தக்காரி ராசகனி, வெத்தலையும் வாயுமா உக்காந்திருக்கா. நடுவுல, கியருக்குப் பக்கத்துல, ஈரச்சாக்கு சுத்துன தண்ணிக்கேன். கல்யாணச் சாமானவிட அவன் அதத்தான் பொத்திப் பொத்திக் கொண்டு போறான். குடிச்சாச்சு. இப்பந்தான் குடிச்சான். குடிச்ச தண்ணி தொண்டையத் தாண்டி எறங்குறது தெரியுது, நெஞ்சுக்கூட்டுல சில்லுன்னு ஒரு கோடு போடுது, வயித்துல போயி களக்குன்னு சத்தமும் கேக்கு, ஆனா நாக்குக்கு மட்டும் சேதி போய்ச் சேரல. பந்தியில கடைசி எலயில உக்காந்தவன் மாதிரி அது பாட்டுக்கு, எனக்கு எங்க, எனக்கு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. உப்பா இருக்கும், கருவாட்ட விடுன்னான் வண்டி ஸ்டாண்டுல கூட ஓட்டுத பால்துரை. விட்டான். சட்டியோட விட்டான். பக்கத்து வீட்டுல பொரிச்சா மூச்சையும் சேத்து விட்டான். தாகம் விடல. பரோட்டாக்கடை சால்னாவுல என்னத்தையோ கலக்குதான், அதத் தின்னா தண்ணி தண்ணின்னுதான் கேக்கும்னான் ஏசுவடியான். அதையும் விட்டான். அப்புறம் வெயிலு. தேரியில வெயிலுக்கு என்ன பஞ்சம், பனமரமே நெழலுக்கு அடுத்த மரத்துக்கிட்டப் போயி நிக்கிற ஊரு. ஆனா வெயிலு எல்லாருக்குந்தான அடிக்கு, பால்துரைக் கேனு பாதிகூடக் காலியாவலையே? மருந்துக்கடைக்காரரு, சளி மாத்திரை ஏதும் முழுங்குனியா, அது வாயக் காய வைக்கும்னாரு. முழுங்கல. மனசுல பயம் இருந்தாலும் வாய் காயும்டேன்னாரு. அந்தச் சொல்லுல கால் தடுக்கிட்டு. கடைய விட்டு எறங்கி வந்துட்டான். கடைசியில எல்லாரும் கூடி முடிவு பண்ணுனது, சூடு. உடம்புச் சூடு. நம்ம ஊருல வயித்தால போனாலும் சூடு, பொண்ணு அமையலன்னாலும் சூடு. எஞ்சின் சூடு சீட்டு வழியா ஏறி உச்சந்தலையில உக்காந்துக்கிட்டுடே, எண்ண தேச்சுக் குளி, எளநி குடி, நன்னாரி சர்பத் குடி. குளிச்சான், குடிச்சான். சர்பத்துக்கடைக்காரன் இவனக் கண்டா எந்திரிச்சு நிக்கிற அளவுக்குக் குடிச்சான். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுது. இது என்ன நாயம்? தீயில தண்ணி ஊத்துனா அவியணும்லா? ஊத்துறது தண்ணிதானா, எண்ணெயா?

குடிக்கதுகூடக் குத்தமில்ல. ஒதுங்குறதுதான் குத்தம். மூணடைப்பு தாண்டி ஒருக்க நிப்பாட்டுனான், நாங்குநேரிக்கு முன்னால ஒருக்க, அப்புறம் ஒரு பாலத்தடியில, அப்புறம் ஒரு வேப்பமரத்தடியில. "ஏல தம்பி," ராசகனி சன்னல் வழியா எச்சியத் துப்பிட்டுக் கேட்டா, "ரோட்டு மரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்தச் சொல்லி பஞ்சாயத்துல ஒனக்குச் சம்பளம் குடுக்காவளா?" அவன் சிரிச்சான். சிரிக்க ஒதடு பிரியல, பல்லுல ஒட்டிக்கிட்டு. "சூடு சித்தி," அப்படின்னான். "நல்ல சூடு. இப்படி நின்னு நின்னு போனா, பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்கு வந்து, பிள்ளையும் பெத்து, அந்தப் பிள்ளைக்குக் காது குத்துக்கு இந்தப் பீரோ போயிச் சேரும்." அவ பேச்சு ஒரு காதுல விழுது, மறு காதுல அவனோட மூச்சே அவனுக்குக் கேக்கு. மூச்சு ஏன் இப்படி வாங்குது, வண்டியத் தள்ளிக்கிட்டா வாரான், ஓட்டிக்கிட்டுதான வாரான். கால் கெண்டச்சதை புடிச்சு இழுக்கு. பேண்டு நிக்க மாட்டேங்குது, பெல்ட்டுல ஆணியால புதுசா ஓட்ட போட்டான், அந்த ஓட்டையும் பெருசாப் போச்சு. தின்னுதான், நல்லாத்தான் தின்னுதான், தின்னது எங்க போவுது? யாரு திங்கா? அந்த நெனப்பு வந்ததும் சடார்னு கண்ணாடியப் பாத்தான். கண்ணாடியில பீரோதான் தெரியுது. பீரோவுல பதிச்ச ஆளுயரக் கண்ணாடியில ரோடும் வானமும் குலுங்குது. அதுல வேற ஒருத்தரும் இல்ல. இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் பாத்தான் பாருங்க, அதுதான் வியாதி.

எதுத்தாப்புல வாற போர்டு எழுத்தெல்லாம் மழையில நனஞ்ச கடுதாசி மாதிரி ஊறித் தெரியுது. படிக்கத் தேவையில்ல, இது அவன் ஊருக்குப் போற ரோடு, கண்ணக் கட்டிவிட்டாலும் வண்டி போயிரும். செம்மண்ணு தொடங்கிட்டு. ரெண்டு பக்கமும் செவசெவன்னு மேடு மேடா மணலு, நடுவுல தாருரோடு நாக்கு மாதிரி நீண்டு கெடக்கு. ச்சீ, நாக்க ஏன் நெனச்சான். இன்னும் கொஞ்சத் தூரத்துல வளைவு வந்துரும். சீனித்தண்ணி வளைவு. காலையில காலிவண்டியா வரும்போதும் அங்கதான் நிப்பாட்டுனான், உடைமரத்துக்குப் பின்னால ஒதுங்குனான், அங்கனயுள்ள சாமிக்கும் சீனித்தண்ணி ஊத்துனான், மிச்சத்தக் குடிச்சான். நெனைக்கப்புடாதுன்னு நெனைக்கான். நெனைக்கப்புடாதுன்னு நெனச்சா அதுவும் நெனப்புதான, மூதி. அவன் நடக்கப் பழகுன காலத்துல அந்த வளைவுல லாரி ஒண்ணு கவுந்துச்சு. வடக்க எங்கேருந்தோ வந்த சீனி லாரி. மூட மூடயாச் சீனி, வெடிச்சுச் செம்மண்ணு மேல வெள்ளையாக் கொட்டிக் கெடந்துச்சாம், தேரிக்குள்ள கடலு நொர ஒதுங்குன மாதிரி. ஊரே ஓடிச்சு. சட்டி, அண்டா, வேட்டி, போர்வ, கொசுவல. கொசுவலயில சீனி நிக்காதுன்னுகூடத் தெரியாம ஒருத்தன் கொசுவலய விரிச்சிருக்கான்னா ஆசை எப்படிப்பட்டதுன்னு பாருங்க. லாரிக்கடியில இடுப்புக்குக் கீழ மாட்டிக்கிட்டு டிரைவரு கெடந்தாரு. உசுரு இருந்துச்சு. தண்ணி கேட்டாரு. அவரு பாசையில கேட்டாரு. பாசை புரியலன்னு எல்லாரும் பின்னால சொன்னாங்க. அவரு பெருவிரல வாய்க்கு நேரா நீட்டி நீட்டிக் காட்டுனாரு. பெருவிரலுக்கு என்ன பாசை? மாடு காட்டுனாக்கூடப் புரியும்லா?

அம்மை அவன இடுப்புல வச்சுக்கிட்டு நின்னா. மறு இடுப்புல கொடம். கெணத்துலேருந்து தண்ணி எடுத்துக்கிட்டு வந்தவ, அப்படியே ஓடிவந்துட்டா. அப்புறம், அங்கதான் அவன் நெனப்பு எப்பவும் போயி முட்டி நிக்கும், அம்மை கொடத்தக் கவுத்துனா. சீனி அள்ள ஏனம் வேணும்லா. நெறகொடத் தண்ணி மண்ணுல விழுந்துச்சு. களகளகளன்னு சத்தம். அந்தாளு படுத்துக் கெடந்த எடத்துலேருந்து அதப் பாத்தாரு. தண்ணி விழுறதப் பாத்தாரு. தேரி மண்ணு தண்ணி குடிக்கிற வேகம் இருக்கே, ஊத்துனவ கை எடுக்குறதுக்குள்ள ஈரம் போயிரும். போயிருச்சு. விரலு அப்புறமும் வாய்க்கு நேரா நின்னுச்சு. அழுத பிள்ள வாயில அம்மை ஒரு கை சீனிய வச்சா. பிள்ள நக்கிக்கிட்டே அந்தாள் வாயப் பாத்துச்சு. இதெல்லாம் அவனுக்கு நெனவு இருக்கா, சொல்லிக் கேட்டதா? அந்த வயசுல நெனவு நிக்காதுன்னு சொல்லுவாங்க. கொடத்தப் பத்தி யாரும் சொல்லிக் கேட்டதில்லையே, ஊருல ஒருத்தரும் வாய் தொறந்ததில்லையே. எந்தக் கொடம், யாரு கொடம்னு யாரும் கேக்கல, ஏன்னா எல்லா வீட்டுலயும் ஒரு கொடம் இருந்துச்சு. அப்ப இந்தக் களகள சத்தம் அவன் காதுக்குள்ள எப்படி வந்துச்சு? அள்ளுன சீனி அடுத்த பொங்கல் வரைக்கும் வந்துச்சாம். அம்மை அதுக்கப்புறம் டீக்குச் சீனி போட்டுக்கிட்டதில்ல. ஏம்மான்னா, பிடிக்கலம்பா. கொடம் மட்டும் இன்னும் வீட்டுல இருக்கு, வயித்துல ஒரு நெளிவோட. அதுலேருந்துதான் தெனமும் மோந்து குடிச்சான். குடிச்சான், குடிச்சான். இப்ப ஸ்டாண்டுலயே படுத்துக்கிடுதான். ராத்திரி எழும்பி எழும்பிக் குடிக்கிறத அம்மை பாத்துட்டான்னா? அவ ஒண்ணும் கேக்க மாட்டா. கொடத்தப் பாப்பா. அந்தப் பார்வையப் பாக்க ஏலாமத்தான் ஆசுபத்திரிப் பக்கமே போவல. டாக்டரு நாளைக்கு ஒண்ணு சொன்னாருன்னா அது வீட்டுக்கு வரும், வீட்டுக்கு வந்தா கொடத்துக்கிட்ட வரும். தான் செத்தாக்கூடப் பரவால்ல. ஆனா எதுல செத்தான்னு அம்மைக்குத் தெரிஞ்சுரப்புடாது.

ஊரு சும்மா இருக்கல. அந்தாளு செத்த எடத்துல பீடம் கட்டுனாங்க. டிரைவர்சாமி. பேரு தெரியாது, தொழிலு மட்டும் தெரியும். அந்த வழியாப் போறவன் சீனித்தண்ணி கரைச்சுப் பாதியச் சாமிக்கு ஊத்தணும், பாதிய அங்கனயே நின்னு குடிக்கணும். எடுத்தத அவருக்கே கரைச்சுக் குடுக்கோம்னு பேரு. வெறுந்தண்ணிய எவனும் ஊத்தமாட்டான். வெறுந்தண்ணி ஊத்த மூஞ்சி இல்ல, பாத்துக்கிடுங்க, அதத்தான அவரு கேட்டாரு. கொஞ்ச நாளைக்கு முன்னால ஒருநா சுயம்பு அந்த வழியா வாறான், கேனு காலி, நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு, எச்சி முழுங்கக்கூட எச்சி இல்ல. பீடத்துல எவனோ வச்சுட்டுப் போன சீனித்தண்ணி பாட்டிலு, மூடி தொறக்காம இருந்துச்சு. எடுத்தான். சாமிக்கு ஒரு சொட்டு ஊத்தல. மொத்தமும் குடிச்சான். குடிச்சுட்டு நிமுந்தா மணலுக்கு மேல காத்து ஒரு கோடு போட்டுக்கிட்டுப் போவுது, யாரோ படுத்தவாக்குல நகந்த மாதிரி. தாகம் அன்னைக்குப் புடிச்சதுதான். செத்தவன் தண்ணியக் குடிச்சுட்டான், இப்ப செத்தவன் இவன் வாய் வழியாக் குடிக்கான். அதான் அவ்வளவு குடிச்சும் நாக்குக்குச் சேதி போவல, குடிக்கது வேற ஆளுல்லா? டீக்கடையில பேச ஏலாம கைய நீட்டித் தண்ணி கேக்கும்போது ஒருநா தன் பெருவிரலப் பாத்தான். வாய்க்கு நேரா நிக்கி. வெரல மடக்கிப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டான். பரிகாரத்துக்குக் கொறச்சல் வைக்கல. போவையில ஒண்ணு, வாரையில ஒண்ணு, பெரிய பாட்டில்ல சீனி அள்ளிப் போட்டுக் கரைச்சு, பாதி ஊத்தி, பாதி குடிச்சு. சாமி, மன்னிச்சுக்கோ. குடிச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துல தாகம் இன்னும் வெறிபுடிச்சு வரும். மன்னிக்கலன்னு அர்த்தம். அப்ப அடுத்த தடவ இன்னும் ரெண்டு கை சீனி.

"ஏல, ஒன் வாயில என்ன பழவாசம் அடிக்கு? குடிச்சிருக்கியா?" ராசகனி மூக்கக் கிட்டக் கொண்டுவந்து கேட்டா. "தண்ணிதான் சித்தி." "எந்தத் தண்ணி?" "பச்சத்தண்ணி சித்தி, சத்தியமா." "பச்சத்தண்ணியில பழுத்த கொய்யாப்பழ வாசம் அடிக்குமாடா? வண்டிய எங்கயாவது கவுத்திட்டன்னா பீரோவுக்கு யாரு பதிலு சொல்லுவா?" கவுத்திட்டன்னா. அந்தச் சொல்லு கேட்டதும் ஸ்டேரிங்கு கைக்குள்ள வழுக்குது. வளைவு வந்துட்டு. பிரேக்கப் போட்டான். வண்டி நிக்கிறதுக்கு முன்னாலயே எறங்கிட்டானோ, எறங்குனதுக்கு அப்புறம்தான் நின்னுச்சோ, முட்டுக்காலுல மணலு சுடுது, மண்டிபோட்டுக் கெடக்கான். கையில சீனித்தண்ணி பாட்டிலு. எப்ப எடுத்தான்? பாதி ஊத்துனான். பீடத்துக் கல்லு மேல தண்ணி ஓடி, மண்ணுல விழுந்து, போயிருச்சு. களகள. மறு பாதிய வாயில வச்சான், கொமட்டிக்கிட்டு வந்துட்டு. குடி. குடிக்கணும். குடிக்கலன்னா விடமாட்டாரு. மூச்சு நாய் மூச்சா எரைக்கு. "சித்தி, நான் செத்துருவேன். இவரு என்னைய விடமாட்டாரு," அப்படின்னான், சின்னப் பிள்ள மாதிரி. அவளுக்கு ஊரும் தெரியாது, சாமியும் தெரியாது. வெத்தலயத் துப்பிட்டு எறங்கி வந்து நின்னா. அவன் எல்லாத்தையும் சொன்னான். வாயில ஈரமில்லாமச் சொன்னான், சொல்லு ஒவ்வொண்ணையும் நாக்குலேருந்து உரிச்சு உரிச்சு எடுத்துச் சொன்னான். லாரி, கொடம், விரலு, பாட்டிலு.

ராசகனி முழுசாக் கேட்டா. பொம்பள வாய மூடிக்கிட்டு ஒரு கதையக் கேட்டது அவ காலத்துல அதுதான் மொதத்தடவ. கேட்டுட்டு ஒண்ணுதான் கேட்டா. "ஏல கூறுகெட்டவன, அந்தச் சாமித் தண்ணிய ஏன் எடுத்துக் குடிச்ச?" "தாகத்துல சித்தி. அன்னைக்கு அப்படியொரு தாகம்." "கேனு?" "அதக் குடிச்சுத் தீத்துட்டேனே." "அப்பம் அவரு தண்ணியத் தொடுறதுக்கு முன்னாலயே ஒனக்குத் தாகம் இருந்துருக்கு. ஒரு கேனையே முழுங்குற தாகம். பெறவு என்ன மயித்துக்கு அந்த மனுசன் மேல பழியப் போடுத? செத்தும் அவரு நிம்மதியாக் கெடக்கண்டாமா?" அந்த நாள அவன் எத்தன வாட்டித் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கான், எப்பவும் பாட்டிலத் தொறந்த எடத்துலேருந்துதான் பாத்திருக்கான். அதுக்கு முன்னால, காலிக்கேனு சீட்டுக்கடியில உருண்டுக்கிட்டே வந்த சத்தம். அந்தச் சத்தம் இப்பந்தான் கேக்கு. அதுக்கும் முன்னால, கெணத்தடியில வாளியோட வாய வச்சது. அதுக்கும் முன்னால? தாகம் பின்னால பின்னால போய்க்கிட்டே இருக்கு, பீடத்தத் தாண்டிப் போயிட்டு. ராசகனி அதுக்குள்ள கீழ பாத்துட்டா. பீடத்தச் சுத்தி எறும்பு. அது எப்பவும் உள்ளது, சீனித்தண்ணிக்கு எறும்பு வராம யானையா வரும்? ஆனா எறும்புச் சாரை பீடத்தோட நிக்கல. பீடத்தத் தாண்டி, மண்ணுல கறுப்பா நூலு புடிச்ச மாதிரிப் போயி, உடைமரத்துக்குப் பின்னால எறங்குது. அவ முந்தானயத் தூக்கிச் சொருகிக்கிட்டுப் பின்னாலயே போனா. "தம்பி, காலையில இங்கயா ஒதுங்குன?" "ஆமா சித்தி." அங்கன ஒரு சாப்பாட்டுத்தட்டு அகலத்துக்கு மண்ணே தெரியல, மொய்ச்சுக் கெடக்கு. "சாமிக்கு ஊத்துனத விட்டுட்டு ஒன் மூத்திரத்துக்குல்லாலே போவுது! இது சீனி வியாதிடே!" "அது கெழடுகட்டைக்கு வாறதுல்லா சித்தி? தொந்தி போட்டவனுக்கு. நான் எலும்பால்லா இருக்கேன்?" "எறும்பு வயசு கேட்டுட்டா வருது? ஏறுல வண்டியில."

சீனி. அவ சொன்ன சொல்லு மத்ததையெல்லாம் தள்ளிவிட்டுட்டு அவன் மண்டைக்குள்ள நட்டநடுவுல வந்து உக்காந்துச்சு. வண்டி போவுது, அவன்தான் ஓட்டுதான், எறும்பு வேகத்துல ஓட்டுதான், கண்ணு சொக்கும்போதெல்லாம் ராசகனி தொடையில நறுக்குன்னு கிள்ளுதா. சீனின்னா அந்தச் சீனிதான். அம்மை உள்ளங்கையில வச்சு நக்கவச்ச சீனி. அது எங்கயும் போவல, இவ்வளவு காலமும் உள்ள இருந்து, ஊறி, இப்ப வெளிய வருது. அவரு அனுப்பல, சரி. தாகம் முன்னாலயே இருந்துச்சு, சரி. ஆனா எதுக்கு முன்னால? கொடத்துக்கும் முன்னாலயா? அம்மைகிட்ட என்ன சொல்ல? கருவாடுன்னு சொல்லலாம். சூடுன்னு சொல்லலாம். ரோட்டோரத்துல அரசாங்க ஆசுபத்திரி, சின்னதுதான். வாசல்ல குட்டியானையும் அதுமேல பீரோவும் போயி நின்னதப் பாத்து, யாருக்குப் பிரசவம்னு கேட்டா நர்சம்மா. விரல்ல குத்துனாங்க. குத்துன விரலு எதுன்னு பாத்தான், நல்லவேள, பெருவிரலு இல்ல. மிசின்ல நம்பரே வரல, எண்ணி மாளலன்னு மிசினு கைவிரிச்சிட்டு. டாக்டரு எளம்பிள்ள, ஓடியாந்துச்சு. படுக்கப்போட்டு ஊசிய ஏத்தி, தண்ணிப்பாட்டிலக் கட்டித் தொங்கவிட்டாங்க. பெரியாசுபத்திரிக்கு வண்டி வரச் சொல்லிட்டு, "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆளு இல்ல," அப்படின்னு டாக்டரு ராசகனிகிட்ட மெதுவாச் சொன்னது இவன் காதுல விழுந்துச்சு. "சித்தி," அப்படின்னான். "எனக்கு இது வேண்டாம். அவரு தாகத்தோட போனாரு. நானும் அப்படியே போயிருதேன். சரியாப் போவும்." ராசகனி குனிஞ்சா. வெத்தல வாசம். "ஏல, செத்தவருக்குத் தண்ணி ஊத்தணும்னா ஊத்துறவன் உசுரோட இருக்கணும்லா? நீயும் போயிட்டா அந்தாளுக்கு யாருடே ஊத்துவா? நானா? எனக்குக் கல்யாண வேல கெடக்கு." அவன் மேல பாத்தான். பாட்டில்லேருந்து தண்ணி ஒவ்வொரு சொட்டா விழுது. சத்தமே இல்ல. ஒரு சொட்டும் மண்ணுல விழல. விழுறது பூராவும் உள்ள வருது. பாத்துக்கிட்டே கண்ண மூடுனான். பீரோவ வேற டிரைவரு வந்துதான் கொண்டு போனான். ராசகனி பெரியாசுபத்திரி வண்டியில ஏறிட்டா, மாப்பிள்ள வீட்டுல ஏசுன ஏச்செல்லாம் போனுலயே வாங்கிக்கிட்டு.

அம்மை மறுநா வந்தா. அவ கையில ஒண்ணும் இல்ல. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னா, அவனப் பாக்கல, செவுத்தப் பாத்தா. சுயம்பு கண்ணு முழிச்சிருந்தும் மூடிக்கிட்டான். பெரிய டாக்டரு வந்து சொன்னாரு, சர்க்கர வியாதி, உடம்புக்குள்ள சீனிய எரிச்சுச் சத்தாக்குற மருந்து ஒண்ணு தானாச் சொரக்கும், இவனுக்கு அது நின்னு போச்சு, எளவயசுல ஆரோக்கியமா இருந்த பிள்ளைக்கும் திடீர்னு இப்படி வாறதுண்டு, தாகமும் மெலிவும் அடிக்கடி ஒண்ணுக்குப் போறதும் காட்டிக்குடுக்கும், தெனமும் ஊசி போட்டுக்கிட்டா எல்லாரும் மாதிரி இருக்கலாம். அம்மை எல்லாத்தையும் கேட்டா. கேட்டுட்டு, கேக்கலாமா கேக்கப்புடாதான்னு முந்தானயத் திருக்கித் திருக்கி, ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அய்யா, சின்னதுல சீனி தின்னா இது வருமா?" டாக்டரு கடுதாசியப் பாத்துக்கிட்டே, "இது சீனி தின்னு வாறதில்லம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் வரல," அப்படின்னுட்டாரு. அவருக்கு அது தெனமும் சொல்லுத பேச்சு. அந்தப் பொம்பள ஏன் சடார்னு தன் கால்ல விழுந்தான்னு அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கண்ண மூடிக் கெடந்தவனுக்குத் தெரியும். களகள சத்தம் அன்னைக்கு அம்மை தொண்டையிலேருந்து வந்துச்சு.

வீட்டுக்கு வந்த பெறவு ஒரு விடியக்காலம் அம்மை அந்த நெளிஞ்ச கொடத்த எடுத்துக்கிட்டு வளைவுக்கு நடந்தா. சுயம்பு பின்னாலயே போனான். சீனி கொண்டு போவல. நெறகொடம் பச்சத்தண்ணி, அதப் பீடத்து மேல ஊத்துனா, விடாம ஊத்துனா, கொடம் காலியாவுற வரைக்கும். மண்ணு குடிச்சுச்சு. எப்பவும் போல வெடுக்குன்னு இல்ல, இருந்து குடிச்சுச்சுன்னு சுயம்பு சொல்லுதான். இப்பவும் அந்த வளைவு வந்தா நாக்கு ஒரு நொடி அண்ணத்துல ஒட்டுமாம். மருந்து ஊசி எல்லாம் ஒழுங்காத்தான் போடுதான், இது அந்தத் தாகம் இல்ல. விரல மடக்கிக்கிட மாட்டான், எறங்கித் தண்ணி ஊத்துவான். சீனித்தண்ணியக் கண்டுபுடிச்ச ஊரு அது, கேட்டது பச்சத்தண்ணின்னு ஒத்துக்கிட இத்தன வருசம் ஆச்சு. அம்மை பீடத்துல கொடத்தக் கவுத்துன அன்னைக்கு எறும்பு ஒண்ணுகூட வரலையாம்.

அவ்வளவுதான். இம்புட்டு நேரம் பேசி என் வாயி காஞ்சு போச்சு, பயப்படாதிய, இது கூலி கேக்குற தாகம். டீயச் சொல்லுங்க. சுயம்பு பங்குச் சீனியையும் சேத்து என் கிளாசுலயே போடச் சொல்லுங்க, அவன் வேண்டாம்னு விட்டது வீணாப் போவப்புடாதுல்லா. எங்க, குடுங்க, ஈ கெடக்கான்னு பாப்போம். இல்ல! பாத்தியளா, ஒரு சொல்லும் பொய்யில்ல. அப்பம் ஒரு டீ சத்தியத்துக்கு. கதைக்கு எங்க? வடையும் வரணும்லா?